பாதியில் நின்ற பக்கியை வாங்கி பைக் எஞ்சின் ஏற்றுவது: முழுமையான வழிகாட்டி

யாரோ ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்ட ஆஃப்-ரோடு பக்கி (குழாய்க் கூண்டில் கட்டிய, கரடுமுரடான தடத்துக்கான நாலு சக்கர வண்டி) ஒன்று விலைக்கு வருகிறது. கூண்டு இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது. எஞ்சின் மட்டும் இல்லை. ஒரு பைக் எஞ்சினை வைத்துவிட்டால் ஓடிவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள இரண்டு அடி தூரத்தில். கூண்டைப் பார்த்து வாங்கிவிட்டு அப்புறம் எஞ்சின் தேடுகிறார்கள். எஞ்சின் உட்காராது, செயின் நேர்கோட்டில் வராது, ஸ்ப்ராக்கெட் தரையில் இடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை தலைகீழ். முதலில் எஞ்சின், அடுத்து கணக்கு, கடைசியில்தான் பக்கி.

1. எங்கே ஓட்டப்போகிறீர்கள்?

மணல், சேறு, பாறை, திறந்த வெளி ஆகிய நான்குக்கும் ஒரே வண்டி சரிவராது. மணலுக்கு லேசான வண்டியும் அகலமான டயரும் வேண்டும். பாறைக்குத் தரை இடைவெளியும் மெதுவாக ஊர்ந்து போகிற கியரும் வேண்டும். இதை முடிவு செய்தால்தான் டயர் விட்டம் தெரியும். டயர் விட்டம் தெரியாமல் கியர் கணக்கு போட முடியாது.

பொதுச் சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விசாரித்துவிடுங்கள். வீட்டில் கட்டிய வண்டியைப் பதிவு செய்வது பல இடங்களில் கடினம், சில இடங்களில் நடக்கவே நடக்காது. இங்கே சொல்வதெல்லாம் தனியார் நிலத்திலும் அனுமதி உள்ள தடத்திலும் ஓட்டுகிற வண்டிக்கு.

2. எஞ்சினை முதலில் தேர்ந்தெடுங்கள்

தனி எஞ்சினாக வாங்காதீர்கள். ஓடுகிற நிலையில் உள்ள முழு பைக்காக வாங்குங்கள். விழுந்து சட்டம் வளைந்த பைக் என்றால் இன்னும் நல்லது, விலை குறையும், எஞ்சினுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. முழு பைக்கில் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்கலாம், எல்லா கியரும் விழுகிறதா என்று பார்க்கலாம். வயரிங், ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), சாவி, ரேடியேட்டர், ஃப்யூயல் பம்ப், மீட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வரும். தனி எஞ்சினை வாங்கிவிட்டு இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுகிறவர்கள் கடைசியில் முழு பைக்கின் விலையைத் தாண்டிவிடுகிறார்கள்.

எந்த எஞ்சின்? 600 சிசி நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக் எஞ்சின் 100 குதிரைத்திறனுக்கு மேல் தரும் என்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். அந்தத் திறன் வருவது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல். கரடுமுரடான தடத்தில் நீங்கள் பெரும்பாலும் 3,000-க்கும் 6,000-க்கும் இடையில்தான் இருப்பீர்கள். முதல் பக்கிக்கு என் தேர்வு, தண்ணீரால் குளிர்விக்கப்படும் 400 முதல் 650 சிசி வரையிலான ஒற்றை அல்லது இரட்டை சிலிண்டர் எஞ்சின். கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும், அகலம் குறைவு, வயரிங்கும் எளிது.

காற்றால் குளிரும் எஞ்சின் பைக்கில் நன்றாக இருந்திருக்கும். பக்கியில் அது சீட்டுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, முகத்தில் காற்று படுவதில்லை. அதுதான் வேண்டும் என்றால் ஃபேனும் ஆயில் கூலரும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது? பெரும்பாலான பைக்குகளில் இடப்பக்கம், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. ரிவர்ஸ் இருக்கிறதா? சாதாரண பைக் எஞ்சினில் இருக்காது. ஏ.டி.வி. (கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்) எஞ்சின் சிலவற்றில் இருக்கும்.

எஞ்சின் எண் அழிக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பைக்குக்கு உரிய காகிதமும் விற்றதற்கான ரசீதும் கையில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

3. கியர் கணக்கு போடுங்கள்

ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும். இதைச் செய்யாமல் வண்டி பார்க்கப் போகக்கூடாது.

எஞ்சின் சுற்றை மூன்று எண்களால் வகுக்க வேண்டும்: பிரைமரி விகிதம் (எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும்போது சுற்று குறையும் அளவு), அந்தந்த கியரின் விகிதம், இரண்டு ஸ்ப்ராக்கெட் பற்களின் விகிதம். கிடைப்பது சக்கரம் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று. அதை டயரின் சுற்றளவால் (மீட்டரில்) பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பிரைமரி 2.0, முதல் கியர் 2.75, ஆறாவது கியர் 1.2 என்று வைத்துக்கொள்வோம். டயர் 22 அங்குலம், சுற்றளவு சுமார் 1.75 மீட்டர். பைக்கில் இருந்த 2.7 ஸ்ப்ராக்கெட் விகிதத்தையே வைத்தால், முதல் கியரில் 3,000 சுற்றில் வண்டி மணிக்கு 21 கிலோமீட்டர் போகும். மேட்டில் ஏறுவதற்கு இது மிக வேகம். கிளட்ச்சைப் பாதி பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கும், சீக்கிரமே அது கருகிவிடும். அந்த கிளட்ச் இருநூறு கிலோவுக்குச் சற்று முன்னும் பின்னுமான பைக்குக்காகச் செய்தது. பக்கியும் ஆட்களும் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு எடை.

விகிதத்தை 4.0 ஆக்கினால் அதே 3,000 சுற்றில் 14 கிலோமீட்டர். ஆறாவது கியரில் 10,000 சுற்றுக்கு 110 கிலோமீட்டருக்கு அருகே வரும். கரடுமுரடான தடத்துக்கு இது போதும், போதாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, 4.0 எப்படி வரும்? முன்னால் 14 பல், பின்னால் 56 பல். இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 520, 525, 530 ஆகிய மூன்று செயின்களுக்கும் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே உள்ள தூரம்) 15.875 மி.மீ. தான், அகலம் மட்டும் மாறும். அந்தப் பிட்சில் 56 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் சுமார் 283 மி.மீ. செயினையும் சேர்த்தால் நடுவிலிருந்து கீழே 150 மி.மீ. இறங்கும். 22 அங்குல டயரின் அரைவிட்டம் 280 மி.மீ. அதாவது ஸ்ப்ராக்கெட்டுக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சுவது 130 மி.மீ. தான், டயர் நசுங்கினால் அதிலும் குறையும். ஒரு கல் போதும், செயின் போய்விடும்.

இதற்கு மூன்று வழி உண்டு. பெரிய டயர் போடலாம், ஆனால் கியர் கணக்கு மறுபடி மாறும். ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில் கெட்டியான தகடு கட்டலாம். அல்லது நடுவில் ஒரு ஜாக்ஷாஃப்ட் (எஞ்சினுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சுழலும் துணைத் தண்டு) வைத்து இரண்டு கட்டமாகக் குறைக்கலாம். மூன்றாவதுதான் நல்லது, ஆனால் கூண்டில் அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இந்தக் கணக்கை முன்னால் போடச் சொன்னேன்.

4. அட்டையில் ஓர் எஞ்சின் செய்யுங்கள்

எஞ்சினின் நீளம், அகலம், உயரம் அளந்து கெட்டி அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். ஸ்ப்ராக்கெட் இருக்கும் இடத்தில் ஒரு குச்சி, சட்டத்தோடு சேரும் போல்ட் துளைகளின் இடத்தில் மார்க்கர் புள்ளி. எக்சாஸ்ட் வெளியேறும் பக்கத்தையும் ஏர் ஃபில்டர் பக்கத்தையும் குறித்துவையுங்கள்.

எஞ்சினை மட்டும் அளந்தால் போதாது. ஸ்பார்க் பிளக் கழற்ற மேலே கை போக வேண்டும். கிளட்ச் மூடியைத் திறக்கப் பக்கத்தில் இடம் வேண்டும். ஆயில் வடிக்கக் கீழே இடம் வேண்டும். ஏர் பாக்ஸ் எஞ்சினைப் போலவே இடத்தை அடைக்கும். சீட்டின் முதுகு சிலிண்டர் தலையில் முட்டுகிற பக்கிகளில் கடைசியில் சீட்டை முன்னால் தள்ளுவார்கள், கால் மடங்கிப் பெடலை மிதிக்க முடியாமல் போகும்.

பெட்டியைக் கூண்டுக்குள் வைக்கும்போது எஞ்சின் பைக்கில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்து வையுங்கள். செயின் சுழலும் திசையை மாற்றாது. எஞ்சினைத் திருப்பி வைத்தால் எல்லா கியரும் பின்னோக்கி ஓடும். ஆக்சிலுக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் இந்த விதி மாறாது. எடைக்கு மட்டும் வித்தியாசம் உண்டு: ஆக்சிலுக்குப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி, சேற்றில் ஸ்டியரிங் பிடிக்காது.

5. விற்பவரிடம் போனில் கேளுங்கள்

நேரில் போகுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஏன் நிறுத்தினீர்கள் என்பது. "நேரம் இல்லை" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வேலை எந்த இடத்தில் நின்றது என்று கேளுங்கள். ஸ்டியரிங் பொருத்தியபோது நின்றதா, பின் ஆக்சில் பொருத்தியபோது நின்றதா? நின்ற இடத்தில்தான் வண்டியின் குறை இருக்கும்.

வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அளவுகளோடு கூடிய திட்டத்தை வைத்துக் கட்டியது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. எந்த எஞ்சினுக்காகக் கட்டினார்கள், ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) ஆக்சிலும் எந்த வண்டியிலிருந்து எடுத்தவை, குழாயின் விட்டமும் கனமும் என்ன ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹப் எந்த வண்டியுடையது என்று தெரியாவிட்டால் நாளைக்கு ஒரு பேரிங் வாங்கக்கூட அலைய வேண்டும்.

6. எடுத்துப் போக வேண்டியவை

டேப், வெர்னியர், டார்ச், ரசமட்டம், நூல் உருண்டை, தூக்குக்குண்டு, கம்பி பிரஷ், சாக்பீஸ், ஜாக்கி, ஹெல்மெட், அட்டை எஞ்சின். வண்டியைப் பகல் வெளிச்சத்தில், வெளியே தள்ளிப் பாருங்கள்.

7. கூண்டையும் வெல்டிங்கையும் பாருங்கள்

முதலில் குழாய். தண்ணீர்க் குழாயில் கட்டிய கூண்டு பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும், கவிழ்ந்தால் மடங்கிவிடும். கூண்டுக்கு ஏற்றது குளிர்முறையில் இழுத்த, மூட்டில்லாத எஃகுக் குழாய். பந்தயக் கார்களுக்கான எஃப்.ஐ.ஏ. (சர்வதேச கார் பந்தய அமைப்பு) விதி ஓட்டுநரின் பின்னால் வரும் முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் கேட்கிறது. சிறிய பக்கிக்கு அந்த விதி அப்படியே பொருந்தாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். திறந்த குழாய் முனை எங்காவது இருந்தால் வெர்னியரில் கனத்தை அளந்துவிடுங்கள். இல்லையென்றால், பாரம் தாங்காத ஓர் இடத்தில் சிறு துளை போட விற்பவரிடம் அனுமதி கேளுங்கள்.

அடுத்து மூட்டு. ஒரு குழாய் இன்னொன்றைத் தொடும் இடத்தில் முனையை மீன் வாய் மாதிரி வளைத்து வெட்டியிருக்க வேண்டும். முனையை நசுக்கித் தட்டையாக்கி ஒட்டியிருந்தாலோ, பெரிய இடைவெளியை வெல்டிங்காலேயே நிரப்பியிருந்தாலோ அது பலம் இல்லாத மூட்டு.

வெல்டிங்கைக் கிரைண்டர் போட்டு மழமழப்பாக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். அழகுக்காகச் செய்தேன் என்பார்கள். அந்த அழகில் பாதி உலோகம் போய்விட்டது. பெயின்ட் புதிதாக இருந்தாலும் அப்படியே. ஒரு மூட்டில் மட்டும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். நல்ல வெல்ட் இரண்டு பக்கமும் உலோகத்தோடு கரைந்து கலந்திருக்கும். மேலே உருண்டு உட்கார்ந்திருந்தால் உள்ளே பிடிக்கவில்லை. ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் சூடு அதிகம், குழாய் அங்கே மெலிந்துவிட்டது. சஸ்பென்ஷன் கைகள் (சக்கரத்தைக் கூண்டோடு இணைக்கும் பாகங்கள்) சேரும் இடங்களிலும் சீட் பெல்ட் மாட்டும் இடங்களிலும் இந்தக் குறையில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே உட்காருங்கள். தலைக்கும் குழாய்க்கும் நடுவே குறைந்தது 75 மி.மீ. இருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே பெடலும் ஸ்டியரிங்கும் எட்டுகிறதா, அவசரத்தில் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். நீளமான ஆள் தனக்காகக் கட்டிய கூண்டு குள்ளமானவருக்கு ஒத்துவரும். குள்ளமானவர் கட்டியது நீளமானவருக்கு ஒருநாளும் வராது.

8. நேராக இருக்கிறதா, சக்கரம் சரியாக அசைகிறதா

கூண்டின் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். இடப்பக்க முன்-பின் சக்கர நடுவுக்கும் வலப்பக்கத்துக்கும் அதே சோதனை. ஒரு விரல் அகலம் வித்தியாசம் வந்தால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரிசெய்ய சஸ்பென்ஷன் கையை வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும்.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். எங்கும் உரசக்கூடாது. திருப்பும் திசைக்கே சக்கரம் திரும்புகிறதா என்றும் பாருங்கள். ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல்தண்டு) தலைகீழாகவோ அச்சுக்கு மறுபக்கமோ வைத்ததால் எதிர்த்திசையில் திரும்பும் வண்டிகள் உண்டு, அங்கேதான் பல திட்டங்கள் நின்றுபோயிருக்கின்றன.

முடிந்தால் முன் ஷாக் அப்சார்பர் ஒன்றைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது சக்கரம் தானாக உள்ளேயோ வெளியேயோ திரும்பினால், டை ராடின் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) உள்முனை ஏ-ஆர்ம் (முக்கோண வடிவ சஸ்பென்ஷன் கை) மூட்டுகளின் கோட்டில் இல்லை என்று அர்த்தம். இந்த வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங்கைப் பிடுங்கும். ரேக்கை நகர்த்திச் சரிசெய்யலாம், ஆனால் நகர்த்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூட்டு போல்ட்டுகள் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிடித்திருக்க வேண்டும். ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் வளைந்து ஒடியும்.

9. பின் ஆக்சில்: நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

முதல் வகை, இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே கம்பி ஆக்சில். எளிமையானது, மலிவானது. ஆனால் அது ஸ்விங் ஆர்மோடு (ஆக்சிலைத் தாங்கி ஆடும் கை) மேலும் கீழும் போகும்போது செயின் இறுகும், தளரும். ஸ்விங் ஆர்ம் சுழலும் மூட்டு, எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் தொல்லை குறையும். பைக்கிலேயே அந்த மூட்டு ஸ்ப்ராக்கெட்டை ஒட்டி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அட்டை எஞ்சினை வைத்து இந்தத் தூரத்தை அளந்துவிடுங்கள். இரண்டு சாண் தள்ளி இருந்தால் நடுவில் ஜாக்ஷாஃப்ட் இல்லாமல் அது சரிவராது.

இரண்டாவது, கூண்டோடு அசையாமல் நிற்கும் ஸ்ப்ராக்கெட் கேரியர் (பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் பாகம்), அதிலிருந்து இரண்டு பக்கமும் சி.வி. ஜாயிண்டோடு (கோணம் மாறினாலும் சீராகச் சுழலும் மூட்டு) போகும் ஷாஃப்டுகள். செயின் நீளம் மாறாது, சஸ்பென்ஷனும் மென்மை. இங்கே பார்க்க வேண்டியது கோணம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, கையால் சுற்றுங்கள். எங்காவது கடித்துக்கொண்டு நின்றால் ஜாயிண்டுக்குக் கோணம் அதிகம், ஓட்டத்தில் அது உடையும்.

எந்த வகையானாலும், எஞ்சின் ஸ்ப்ராக்கெட் வரும் இடத்திலிருந்து பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நூல் பிடியுங்கள். நேர்கோட்டில் வருகிறதா? நடுவில் குறுக்குக் குழாய் இருக்கிறதா? ஸ்ப்ராக்கெட் இடப்பக்கம் இருக்கும் எஞ்சினை நடுவில் வைத்தால் கேரியரும் இடப்பக்கம் போகும், ஷாஃப்டுகள் நீளம் மாறும். எஞ்சினைச் சற்று வலப்பக்கம் தள்ளினால் ஷாஃப்டுகள் சமமாகும்.

ஆக்சிலில் ஒரே டிஸ்க் பிரேக் இருந்தால், கம்பி ஆக்சிலுக்கு அது போதும். டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) உள்ள கேரியரில் ஒரே டிஸ்க் இருந்தால், ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்போது மற்றதற்கும் பிரேக் பிடிக்காது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி பிரேக் கேளுங்கள்.

10. விலை பேசுவது

"தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது" என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் வேலையில் அது உண்மையாக இருக்கலாம். பிரேக் லைன், வயரிங், பெடல், கேபிள், டாங்க், ரேடியேட்டர் குழாய், செயின் கவசம் ஆகியவை மீதிப் பத்தில் இருக்கின்றன, நேரத்தில் பாதி அங்கேதான் போகும்.

இல்லாத பாகங்களை விற்பவர் முன்னாலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் புதிய விலை போட்டுக் கூட்டுங்கள். ஷாக் அப்சார்பர், ஹப், சி.வி. ஜாயிண்ட் நல்லவையாக இருந்தால் கூண்டு சுமாராக இருந்தாலும் அந்த விலைக்கு வாங்கலாம். ஏனென்றால் கூண்டு வெறும் குழாயும் உழைப்பும்தான். பாகமே இல்லாத அழகான கூண்டுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

11. வீட்டுக்கு வந்தபின் வேலையின் வரிசை

வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்படி சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினைக் கட்டைகளின் மேல் வைத்து, பைக்கில் இருந்த அதே சாய்வில் நிறுத்துங்கள். சாய்வு மாறினால் ஆயில் அளவு பொய் சொல்லும், கார்புரேட்டர் மிதவையும் தவறும்.

ஸ்ப்ராக்கெட்டுகளை நேர்க்கட்டையால் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகே மவுண்ட் செய்யுங்கள். மவுண்டைச் செய்துவிட்டு ஸ்ப்ராக்கெட்டை நகர்த்தப் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பைக்கில் இருந்த எல்லா போல்ட் துளைகளையும் பயன்படுத்துங்கள், இரண்டு மூன்றோடு நிறுத்தினால் எஞ்சின் உறையே விரிசல் விடும். செயினை இறுக்க ஓர் ஏற்பாடும் இப்போதே வேண்டும்: நீள்துளையோ, திருகோ.

முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். எக்சாஸ்ட், ஏர் பாக்ஸ், கியர் லீவர், டாங்க் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு எஞ்சினை இறக்கிவிட்டு முழு வெல்டிங். இறக்க முடியாவிட்டால் பேட்டரியையும் ஈ.சி.யூ.வையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்ட் போடும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தூரமாக மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

கிளட்ச் பெடலுக்கு ஒரு தடுப்பு வையுங்கள். கைப்பிடிக்குச் செய்த கேபிளைக் காலால் மிதித்தால் அறுந்துவிடும். ஆக்சிலரேட்டர் பெடலுக்கு இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங், கைக்கு எட்டும் இடத்தில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச். சீட்டுக்கும் செயினுக்கும் நடுவே எஃகுத் தகடு கட்டாயம். வேகத்தில் அறுந்த செயின் முதுகுப் பக்கமாகத்தான் வரும்.

12. ஆயில், தண்ணீர், வயரிங்

பைக் வளைவில் சாய்கிறது, அதனால் ஆயில் எப்போதும் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியிலேயே நிற்கிறது. பக்கி சாயாது. வேகமான வளைவில் ஆயில் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும், பம்ப் காற்றை உறிஞ்சும், பிக்-எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்தில் உள்ளது) சில நொடிகளில் போய்விடும். சம்ப்பைக் கழற்றி, உறிஞ்சு குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடு வையுங்கள். எஞ்சின் கூண்டுக்குள் போகுமுன் இதைச் செய்வது சுலபம்.

டாங்க்கிலும் இதே பிரச்சினை உண்டு. இஞ்செக்‌ஷன் எஞ்சின் என்றால் தடுப்பு உள்ள டாங்க் வேண்டும்.

ரேடியேட்டர் எங்கே இருந்தாலும் குழாயின் மிக உயரமான புள்ளியில் காற்று வெளியேற வழி வையுங்கள். உள்ளே காற்று சிக்கினால் மீட்டர் சாதாரணமாகக் காட்டும்போதே எஞ்சின் சூடேறியிருக்கும்.

வயரிங்கை வெட்டாதீர்கள். பைக்கில் இருந்தபடியே முழுதாகத் தரையில் விரித்து, எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினை ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு தேவையில்லாததை ஒவ்வொன்றாக நீக்குங்கள். சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். சாய்வு சென்சாரைப் பைக்கில் இருந்த அதே நிலையில், அதே பக்கம் பார்த்துப் பொருத்துங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரைப் பிரிக்கிறவர்களில் பலருக்குக் கோளாறு இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

13. முதல் ஓட்டம்

பின்சக்கரங்கள் தரையில் படாமல் கெட்டியான ஸ்டாண்டில் நிறுத்தி, யாரும் பின்னால் நிற்காமல் முதல் கியர் போடுங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுற்றுகிறதா, செயின் ஒரே கோட்டில் ஓடுகிறதா, எங்காவது உரசும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிரேக் மிதித்தால் சக்கரம் உடனே நிற்க வேண்டும்.

அடுத்து திறந்த சமதரையில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டு, முதல் இரண்டு கியரில் மட்டும் சில நிமிடங்கள். நிறுத்திவிட்டு எல்லா எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளையும், சஸ்பென்ஷன் நட்டுகளையும், சக்கர நட்டுகளையும் ஸ்பேனரால் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது மவுண்ட் உட்கார்ந்த பிறகு செயின் தளர்ந்திருக்கும், அதையும் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் கோடு ஒன்று போட்டுவிட்டால், அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு எது நகர்ந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.